மொழிபெயர்க்க வேண்டாத நேரம்

மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பில் முதல் நாள் உள்ளங்கையில் ஓர் உலர்திராட்சையை வைப்பார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரத்து மருத்துவக் கல்லூரியில், ஜான் கபட்-ஸின் 1979இல் நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியோடு பரவிய வழக்கம் இது. முன்பின் கண்டிராத பொருளைப் போல அந்தத் திராட்சையைப் பார்க்கச் சொல்வார்கள். சுருக்கங்களை விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்து, காதோரம் உருட்டி, முகர்ந்து, பிறகு நாக்கில் வைத்து, உடனே கடிக்காமல் சற்றுப் பொறுத்து உண்ண வேண்டும். கைநிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வேறெதையோ யோசித்துப் பழகியவர்களுக்கு, ஒரே ஒரு பழம் இவ்வளவு நேரம் நீடிப்பது வியப்பாகத்தான் இருக்கும்.

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ வட்டாரத்தில் ஒரு மெக்சிகோத் தாயின் கையில் அதே திராட்சையை வைப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். அமெரிக்காவில் விளையும் உலர்திராட்சை ஏறக்குறைய முழுவதும் அந்த வட்டாரத்திலிருந்துதான் வருகிறது. ஆகஸ்ட் முடியும் நாட்களில் குலைகளை அறுத்து, கொடி வரிசைகளின் இடையே மண்மேல் விரித்த காகிதங்களில் பரப்பி, இரண்டு மூன்று வாரம் வெயிலில் காய விடுவார்கள். எத்தனை காகிதம் பரப்பினாய் என்பதுதான் அங்கே கூலிக்கணக்கு. வெட்டவெளியில் வேலை செய்பவருக்கு நிழலும் தண்ணீரும் தர வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் விதி பிறந்தது 2005இல். அதுவும் வயல்களில் வெக்கை தாங்காமல் ஆட்கள் செத்து விழுந்த பிறகு. அந்த வெயிலில் குனிந்து நிமிர்ந்த பெண்ணிடம் முன்பின் கண்டிராத பொருளாக இதைப் பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? அவள் கைக்கு அது தெரியும். அவள் முதுகுக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் இருக்கும் அவளுடைய 15 வயது மகளுக்கோ, அது பள்ளி மதிய உணவோடு வரும் சின்ன அட்டைப்பெட்டி. ஒரே பழம் இரண்டு உள்ளங்கைகளில் இரண்டு கதைகளாகக் கிடக்கிறது.

உலர்திராட்சைக்கு ஸ்பானிய மொழியில் ‘பாசா’ என்று பெயர். அதே ஒலிக்கு ‘கடந்து போகிறது’ என்றும் ‘நேர்கிறது’ என்றும் பொருள் உண்டு. முகம் வாடி வீட்டுக்கு வரும் பிள்ளையிடம் தாய் கேட்பது ‘கே தே பாசா?’ – உனக்கு என்ன நேர்கிறது? லத்தீன் அமெரிக்க வேர்கொண்ட லத்தீனோ இளையோருக்கும் அவர்களுடைய பெற்றோருக்குமாக நடத்தப்படும் தியானப் பயிற்சிகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, இந்தக் கேள்வியைக் கேட்கவும் பதிலைப் பொறுத்திருந்து வாங்கவும் ஓர் இடம் அமைத்துத் தருவதுதான் அவற்றின் உண்மையான வேலை என்று எனக்குத் தோன்றியது.

*

‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற சொல்லே ஒரு மொழிபெயர்ப்பு. பாலி மொழியின் ‘சதி’ என்ற சொல்லுக்கு ஈடாக பாலி அறிஞர் டி. டபிள்யூ. ரைஸ் டேவிட்ஸ் 1881இல் அதைக் கையாண்டார். சதி என்பது வடமொழியின் ஸ்மிருதி, அதாவது நினைவு. இன்று நாம் ‘இந்தக் கணத்தில் இருத்தல்’ என்று சொல்லும் ஒன்றின் வேரில் நினைவு இருப்பது முதலில் முரணாகப் படும். ஆனால் மூச்சைக் கவனிக்க உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே திரும்பத் திரும்ப நடப்பது மறதியும் நினைவும்தான். மனம் எங்கோ போய்விட்டதை மறந்திருக்கிறோம். சட்டென்று நினைவு வருகிறது. திரும்புகிறோம்.

தமிழில் இதற்கு ஈடு தேடினால் ‘விழிப்புணர்வு’ முன்னால் வந்து நிற்கும். ஆனால் சாலைப் பாதுகாப்பு வாரத்துப் பதாகைகளில் தேய்ந்துபோன சொல் அது. ‘தியானம்’ என்றாலோ சம்மணமிட்ட முனிவர் வந்துவிடுகிறார். தமிழில் பௌத்தத்தின் எண்வழிப் பாதையைச் சொல்லும்போது இந்த உறுப்புக்கு ‘நற்கடைப்பிடி’ என்று பெயர். கடைப்பிடித்தல் நமக்கு இன்று விதிகளுக்கு அடங்கி நடப்பதாகச் சுருங்கிவிட்டது. அகப்பொருள் உரையில் கடைப்பிடிக்குத் தரப்படும் விளக்கம் வேறு: கொண்ட பொருளை மறவாமை. பாலியின் சதிக்கு இதைவிடப் பொருத்தமான உறவுச்சொல் இருக்க முடியாது. கண்டியின் காட்டுக் குடிலில் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் 1954இல் எழுதிய நூல் மேற்குலகத்துக்கு இந்தப் பயிற்சியை விளக்கிய முதல் சில நூல்களில் ஒன்று. அந்த வகையில் இது நம் பக்கத்துத் தீவின் வழியாகவும் அமெரிக்காவுக்குப் போன சரக்கு.

போன இடத்தில் அது முதலில் யார் கைக்குக் கிடைத்தது என்பது முக்கியம். அமைதி வாங்க வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காக மைண்ட்ஃபுல்னெஸ் மாறிவிட்டது என்ற குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் வேறொரு வரலாறும் கூடவே நடந்திருக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில், வசதியற்றவர்கள் வந்துபோகும் ஒரு சமூக நல மருத்துவ நிலையத்தில், பெத் ராத் என்ற செவிலியர் 1990களிலேயே இந்த எட்டு வாரப் பயிற்சியை ஆங்கிலத்திலும் ஸ்பானியத்திலும் நடத்தினார். அந்த அனுபவத்தை 1997இலும், அங்கே வந்தவர்களின் நலத்தில் கண்ட மாற்றங்களை 2004இலும் மருத்துவ இதழ்களில் எழுதினார். வாடகைக் கவலையும் மூட்டுவலியும் தூக்கமின்மையும் கொண்டு வந்த பெண்களுக்கு மூச்சைக் கவனிப்பது எட்டாத ஆடம்பரமாக இருக்கவில்லை. தங்கள் மொழியில் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

*

2020 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் லத்தீனோக்கள் 6.2 கோடிப் பேர். ஒற்றைப் பெயரில் அடங்குகிற கூட்டம் அல்ல அது. தலைமுறைகளாக டெக்சாஸில் வாழ்பவர், புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர், எல் சால்வடோரின் போரிலிருந்து தப்பியவர், மெக்சிகோவின் ஒவாஹாக்கா மலைக்கிராமத்திலிருந்து நேற்று வந்தவர் எல்லோரும் அதில் உண்டு. கலிஃபோர்னிய வயல்களில் மிஸ்டெக் மொழி பேசும் குடும்பங்கள் பல. அந்தத் தாய்மார்களுக்கு ஸ்பானியமே இரண்டாவது மொழி. பாட்டிக்கு மிஸ்டெக், அம்மாவுக்கு ஸ்பானியம், பெண்ணுக்கு ஆங்கிலம் என்று ஒரே சமையலறையில் மூன்று மொழிகள் அடுக்கடுக்காக இருக்கும்.

இந்த வீடுகளில் எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளுக்கு ஒரு வேலை வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பது. மின்கட்டணச் சீட்டு, வீட்டுக்காரரின் அறிவிப்பு, வங்கியிலிருந்து வரும் தொலைபேசி, மருந்துப் புட்டியின் மேலுள்ள சிறு எழுத்து என எல்லாம் குழந்தையின் நாக்கு வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. ஆய்வாளர் மார்ஜரி ஒரெயானா 2009இல் வெளியிட்ட தம் நூலில் இந்தப் பிள்ளைகளின் திறமையையும் பெருமிதத்தையும் மதித்து எழுதியிருக்கிறார். அந்த மதிப்பு சரியானது. குடும்பத்துக்குத் தேவைப்படுபவளாக இருப்பதில் ஒரு நிமிர்வு உண்டு. ஆனால் சில வாக்கியங்கள் ஒரு குழந்தையின் வாயில் தங்கக் கூடாதவை. அம்மாவின் மார்பில் இருக்கும் கட்டியைப் பற்றி மருத்துவர் சொல்வதை அவளிடம் திருப்பிச் சொல்ல வேண்டும். கூலி பாக்கியைக் கேட்கும் அப்பாவுக்கும் தர மறுக்கும் ஆளுக்கும் நடுவில் நின்று, இரண்டு பேரின் கோபத்தையும் தன் மெல்லிய குரலில் மாற்றி மாற்றிப் பேச வேண்டும். பள்ளியில் ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொல்லும் குறையைக்கூடத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டும்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. அரசுப் பணம் பெறும் மருத்துவ நிலையங்கள், அவசர நிலை தவிர, சிறுவர்களை மொழிபெயர்ப்பாளர்களாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2016இல் விதி வந்தது. ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கும் அரசு சேவைகள் புரியும்படி கிடைக்க வேண்டும் என்று 2000இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவரின் ஆணை, 2025 மார்ச்சில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டபோது விலக்கப்பட்டது. ஒவ்வொரு முறை அரசு ஒரு மொழிபெயர்ப்பாளரைக் குறைக்கும்போதும் அந்த இடத்தில் ஏதோ ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

மொழிபெயர்க்கும் பிள்ளையின் கவனம் எப்போதும் வெளியே இருக்கிறது. அதிகாரியின் உதடு, அம்மாவின் கண், இரண்டுக்கும் நடுவில் எதைச் சொல்வது, எதை விழுங்குவது. தன் நெஞ்சு படபடப்பதைக் கவனிக்க அவளுக்கு ஏது நேரம்? 2021இல் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுக்கப்பட்ட அரசுக் கணக்கில் 42 சதவீதம் பேர், பெண் பிள்ளைகளில் 57 சதவீதம் பேர், நீங்காத சோகமோ நம்பிக்கையின்மையோ தங்களைப் பற்றியிருப்பதாகச் சொன்னார்கள். அது பெருந்தொற்றுக் காலம். எல்லா இனத்துப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் தொற்றுக்கு அஞ்சி வீட்டிலிருக்க முடியாமல் வயலுக்கும் இறைச்சிக்கூடத்துக்கும் போன பெற்றோரின் பிள்ளைகள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள் என்று யோசிக்காமல் அந்த எண்ணைக் கடந்துபோக முடியவில்லை.

*

பெற்றோர் பக்கமும் சில சொற்கள் உண்டு. அவற்றை அறியாமல் இந்த வகுப்புகளை நடத்த முடியாது. ‘ரெஸ்பெத்தோ’ என்றால் பெரியவர்களிடம் காட்டும் மரியாதை. எதிர்த்துப் பேசாமை அதன் ஒரு பகுதி. ‘ஃபமிலிஸ்மோ’ என்று ஆய்வாளர்கள் சொல்வது, தனி ஆளுக்கு முன்னால் குடும்பத்தை வைக்கும் மனப்பாங்கு. ‘நெர்வியோஸ்’ என்பது மனத்தில் தொடங்கி உடம்பில் நடுங்கும் எல்லாத் துயரத்துக்குமான வீட்டுப் பெயர். எல்லாவற்றுக்கும் அடியில் ‘அகுவந்தார்’ இருக்கிறது. தாங்கு, பொறு, பல்லைக் கடித்துக்கொண்டு கடந்து போ. எல்லையைத் தாண்டியவர்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்த குணம் அது. அதனாலேயே பிள்ளைக்கும் அதையே சொத்தாகக் கொடுக்கிறார்கள். மகள் அழும்போது, நாங்கள் பட்டதைவிட இது பெரிதா என்கிறார் தந்தை. அவர் அன்பாகத்தான் சொல்கிறார். அவள் காதில் அது கதவு சாத்தும் ஓசையாக விழுகிறது.

பிள்ளையை மட்டும் தனியே அழைத்து மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? அவள் கற்றது வீட்டு வாசலில் நின்றுவிடும். பிரிட்டனில் 80க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவுகள் 2022இல் வந்தன. பள்ளிகள் வழக்கமாகச் சொல்லித்தரும் மனநலப் பாடங்களைவிட மைண்ட்ஃபுல்னெஸ் பாடம் கூடுதலாகப் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் அதை வீட்டில் செய்து பார்க்கவே இல்லை. தியானத்தை விரும்புகிறவர்கள் இந்த முடிவை ஒதுக்கித் தள்ளக் கூடாது என்று நினைக்கிறேன். நேர அட்டவணையில் இன்னொரு பாடமாக வருவது, வீட்டில் பெரியவர் ஒருவரும் செய்யாதது, ஒரு பதின்வயதுப் பிள்ளைக்கு ஏன் ஒட்ட வேண்டும்?

பெற்றோரையும் சேர்த்துக்கொள்ளும் முயற்சிகள் இங்கேதான் என் கவனத்தை ஈர்க்கின்றன. ஆய்வாளர்கள் லாரிசா டங்கன், டக்ளஸ் கோட்ஸ்வொர்த், மார்க் கிரீன்பர்க் ஆகியோர் 2009இல் வகுத்துக்காட்டிய விழிப்பான பெற்றோரியலில் முதலில் வருவது, முழுக் கவனத்தோடு பிள்ளை பேசுவதைக் கேட்பது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் குடும்பங்களுக்காக அமெரிக்காவில் ஏற்கெனவே நடந்துவந்த ஏழு வாரப் பயிற்சி ஒன்றில் அவர்கள் இந்தக் கவனப் பயிற்சியைச் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பயிற்சியின் அமைப்பே அழகானது. முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் இன்னோர் அறையில். அடுத்த ஒரு மணி நேரம் எல்லோரும் ஒரே அறையில். தனித்தனியே கொட்ட வேண்டியதைக் கொட்டிவிட்டு, பிறகு எதிரெதிரே உட்காருகிறார்கள். அதே பயிற்சி ‘ஃபமிலியாஸ் ஃபுவெர்த்தெஸ்’ – வலிமையான குடும்பங்கள் – என்ற பெயரில் ஸ்பானியத்தில் மாற்றப்பட்டு லத்தீன் அமெரிக்க நாடுகளுக்கும் போயிருக்கிறது.

லத்தீனோ குடும்பங்களுக்கு இத்தகைய வகுப்பு நடக்க வேண்டுமானால் தியானத்துக்கு முன்னால் கவனிக்க வேண்டியவை பல. இரவுச் சாப்பாடு வேண்டும். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வயல்வேலை முடிந்து, குளித்து வர நேரம் விட வேண்டும். சான்றிதழ் வைத்திருக்கும் அந்நியரைவிட, ‘பிரொமோதோரா’ என்று அழைக்கப்படும், அதே தெருவில் வசிக்கும் சுகாதாரத் தோழி ஒருத்தி கூப்பிட்டால் வருவார்கள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. பாலைவனத்தில் இரவு நடந்து வந்தவருக்கு மூடிய கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று பயிற்சியாளருக்குத் தெரியாது. கண் திறந்திருக்கட்டும், பாதம் தரையில் பதிந்திருக்கட்டும், கதவு எங்கே என்று தெரியும்படி நாற்காலி இருக்கட்டும். இத்தனையும் அமைந்த பிறகு, தியானத்தைத் தொடங்கும் மணி ஒலிக்கட்டும்.

மணி ஒலித்ததும் நடப்பதை நினைக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. தாயும் மகளும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. அங்கே மொழிபெயர்க்க ஒன்றுமில்லை. அம்மாவின் மூச்சு ஸ்பானியத்தில் இல்லை. மகளின் மூச்சு ஆங்கிலத்தில் இல்லை. எட்டு வயதிலிருந்து இரண்டு உலகங்களுக்கு நடுவில் நின்ற பெண், அந்த வேலை இல்லாமல் அம்மாவின் பக்கத்தில் சும்மா இருக்கிறாள். தன் பிள்ளையின் நாக்கை நம்பியே வாழ வேண்டியிருப்பதில் உள்ளுக்குள் குன்றிப்போயிருந்த தாய், இங்கே மகளைவிடக் குறைந்தவளாக இல்லை. மூச்சைக் கவனிப்பதில் இருவரும் ஒரே வகுப்பு மாணவிகள். மறந்து, நினைத்து, திரும்பி வருகிறார்கள். அவள் மீண்டும் மகளாகவும் இவள் மீண்டும் தாயாகவும் ஆகக் கிடைக்கும் நேரம் அது. இந்தப் பயிற்சி பதற்றத்தை எத்தனை புள்ளி குறைத்தது என்று அளப்பவர்கள் அளக்கட்டும். அளவுகோலில் விழாத இந்த ஒன்றுக்காகவே அது நடக்க வேண்டும் என்பேன்.

*

எனக்குள் இருக்கும் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேற்றத் துறையின் சோதனைகள் வேலைத்தலங்களையும் கடைவாசல்களையும் தேடி வந்தன. நகரத் தெருக்களில் தேசியக் காவல் படை நின்றது. குடியேற்ற ஆவணமில்லாத தந்தை மாலையில் வீடு திரும்புவாரா என்று தெரியாத சிறுவனிடம் மூச்சைக் கவனி என்பதற்கு என்ன பொருள்? அவனுடைய பயம் மனம் கற்பித்துக்கொண்டதல்ல. அதைக் கடந்துபோகும் மேகமாகப் பார்க்கச் சொல்வது அவனுக்குச் செய்யும் அநீதி. அகுவந்தாருக்கு மணியும் மெத்தையும் வாங்கிக் கொடுத்து, இன்னும் கொஞ்சம் தாங்கு என்று சொல்வதாக இந்த வகுப்புகள் ஆகிவிடக் கூடாது. தாங்குபவர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இந்தப் பயிற்சி மூச்சை விடச் சொல்கிறது. விட்ட மூச்சில் அழுகை வரலாம், கோபம் வரலாம், இது சரியில்லை என்ற சொல்லும் வரலாம். அந்தச் சொல்லுக்கும் அறையில் இடம் இருந்தால்தான் அது நற்கடைப்பிடி. எதை மறக்கக் கூடாதோ அதை மறவாமை.

இந்த மக்களின் சொந்த மரபில் இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1965இல் கலிஃபோர்னியாவின் டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தத்தில் மெக்சிகோத் தொழிலாளர்கள் இணைந்தார்கள். 1966 வசந்தத்தில் டெலானோவிலிருந்து மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவுக்குச் சுமார் 300 மைல் நடந்தார்கள். குவாதலூப்பே மாதாவின் பதாகையை முன்னே பிடித்துச் சென்ற அந்த ஊர்வலத்துக்குப் ‘பெரெக்ரினாசியோன்’ – புனித யாத்திரை – என்றே பெயரிட்டிருந்தார்கள். ஈஸ்டர் ஞாயிறன்று போய்ச் சேர்ந்தார்கள். பாதம் வெடிக்க நடந்த அவர்களுக்குப் பிரார்த்தனையும் கூலிக்கோரிக்கையும் ஒரே நடையில் இருந்தன.

தியானம் நம் மதத்துக்கு வெளியே உள்ளதாயிற்றே என்று தயங்கும் கத்தோலிக்கப் பெற்றோருக்கு அவர்களுடைய மொழியே பதில் வைத்திருக்கிறது. பிரான்சிஸ்கோ தெ ஒசூனா என்ற துறவி 1527இல் வெளியிட்ட நூலில் ‘ரெகோஹிமியெந்தோ’ என்ற உள்ளடங்கிய ஜெபமுறையைச் சொல்லித்தந்தார். ஸ்பானியப் புனிதர் ஆவிலாவின் தெரேசா இளம் வயதில் அந்நூலைத் தம் தந்தையின் உடன்பிறந்தார் கையிலிருந்து பெற்றார். அது அவருக்கு வழிகாட்டியாக ஆயிற்று. அந்தச் சொல்லின் வேர் ‘ரெகோஹெர்’: சேகரித்தல், ஒன்றுகூட்டுதல். விளைச்சலை எடுப்பதற்கும் அதே வினைதான். சிதறிக் கிடக்கும் வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கும் அதே வினைதான். பள்ளிவிட்ட பிள்ளையைப் போய் அழைத்துவருவதற்கும் அதே வினைதான். நாள் முழுக்க அந்தத் தாய் பழத்தையும் வீட்டையும் பிள்ளையையும் சேகரிக்கிறாள். இன்னும் சேகரிக்காமல் விடுபட்டிருப்பது அவள் மட்டும்தான்.

*

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்குகிறார்கள். வெளியே இருட்டிவிட்டது. நான் மனத்தில் காணும் அந்தத் தாயின் கைப்பையில் பிரிக்காத கடித உறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் முத்திரை குத்தியது. காலையிலிருந்து மகளிடம் தரக் காத்திருந்தது. எட்டு வாரத் தியானம் அந்த உறையை ஸ்பானியத்துக்கு மாற்றிவிடாது. அதை மகள்தான் படித்துச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் வாடகையை உயர்த்தியிருந்தால், உயர்த்தியதுதான்.

பைக்குள் கை போகிறது. வண்டியின் உள்விளக்கில் மகளின் முகம் தெரிகிறது. களைத்த முகம். தாயின் கை உறையைத் தொட்டபடி நிற்கிறது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கையை எடுத்து, மகளின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக் கேட்கிறாள்:

‘கே தே பாசா, மீஹா?’

உனக்கு என்னம்மா?

பதில் வர நேரமாகிறது. அவள் காத்திருக்கிறாள்.